திரிங்காப்பில் குந்தியிருக்கும் கால்கள்

கேமரன் மலை என்றதும் மனத்தில் எழும் தேயிலைச் சரிவு திரிங்காப்பில் கண்ணில் படாது. சிம்பாங் பூலாயிலிருந்து ஏறிவரும் சாலை கம்போங் ராஜாவையும் கோலா தெர்லாவையும் கடந்து ஊருக்குள் நுழையும்போது, மலையின் இரு பக்கமும் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் கூரைகள்தான் நிற்கின்றன. கூரைக்கு அடியில் முட்டைக்கோஸ், சாலட் கீரை, தக்காளி, வெங்காயத்தாள், பூச்செடிகள். தேயிலை இந்தச் சாலையின் முன்னும் பின்னும் இருக்கிறது. கம்போங் ராஜா பக்கம் புளூவேலி, பிரிஞ்சாங்குக்கு மேலே சுங்கை பாலாஸ். நடுவில் கிடக்கும் திரிங்காப் காய்கறி ஊர். தோட்டங்கள் பெரும்பாலும் சீனக் குடும்பங்களுடையவை. வேலைக்கு வங்காளதேசம், இந்தோனேசியா, நேபாளம் என்று பல நாட்டு ஆட்கள். தேயிலைத் தோட்டத்து லயங்களை விட்டு இந்த வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

நான் போனது அவர்கள் எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பதற்காக.

காரணம் இருக்கிறது. குடும்பத்தில் ஓடும் நரம்புக் கோளாறு ஒன்று உண்டு. அது உள்ளவர் நன்றாக நடப்பார், ஓடுவார், சுமை தூக்குவார். ஒரு நரம்பை அழுத்தும்படி நெடுநேரம் ஒரே நிலையில் இருந்துவிட்டால் மட்டும் அந்த நரம்பு வேலை நிறுத்திவிடும். மற்றவர்களுக்கு எழுந்து காலை உதறினால் சில நிமிடங்களில் போய்விடும் மரமரப்பு, இவர்களுக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். அப்படிப்பட்ட உடம்பு எங்கே முதலில் தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று யோசித்தால், குந்தி உட்கார்ந்து பிழைக்கும் ஊரில்தான்.

கூரைக்குள் நுழைந்ததும் ஈர மண்ணும் கோழி எருவும் கலந்த வாடை. பாத்திகள் தரையோடு தரையாக, நீளமாகப் போகின்றன. பாத்திக்கு ஐந்தாறு பேர். குந்தியபடியே களை எடுக்கிறார்கள், நாற்று நடுகிறார்கள், கத்தியால் கோஸை அறுத்துப் பின்னால் வைக்கிறார்கள். எழுந்து நடப்பதில்லை. குந்திய நிலையிலேயே பக்கவாட்டில் ஓரடி நகர்ந்து அடுத்த செடிக்குப் போகிறார்கள். தேநீர் நேரம் வரும்வரை முழங்கால் நிமிர்வதில்லை.

உங்கள் முழங்காலுக்கு வெளிப்புறம், சற்றுக் கீழே விரலை வைத்துப் பாருங்கள். உருண்டையாக ஓர் எலும்பு முனை தட்டுப்படும். பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்குப் போகும் நரம்பு, அந்த எலும்பின் கழுத்தைச் சுற்றி, கிட்டத்தட்டத் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. அதற்குத் தசை மெத்தை கிடையாது. குந்தும்போது பின்தொடைத் தசையின் நாணுக்கும் எலும்புக்கும் இடையில் அது நசுங்குகிறது. முழங்காலுக்குக் கீழ் வரை ஏறும் ரப்பர் பூட்ஸின் விளிம்பும் அதே இடத்தில் உரசலாம். திரிங்காப்பில் நான் பார்த்தவர்களில் பலர் அந்தப் பூட்ஸ்தான் போட்டிருந்தார்கள்.

பாத்தி ஓரத்தில் ஃபிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். காய்கறி வேலைக்கு வந்து வெகுகாலம் ஆகிறது.

“கால் மரத்துப் போகாதாம்மா?”

“செத்துப் போகும் தம்பி. எந்திரிச்சு ரெண்டு உதறு உதறினாச் சரியாப் போயிரும்.”

“சரியாகாம இருந்திருக்கா?”

கொஞ்சம் யோசித்தார். “போன வருசம் ஒரு தடவை. காலைத் தூக்க வரல. சிலிப்பர் கழண்டு கழண்டு விழும். மூணு வாரம் அப்படியே கிடந்துச்சு. கிளினிக்ல இனிப்பு நீர் பார்த்தாங்க, இல்லைன்னாங்க. சத்து மாத்திரை கொடுத்தாங்க. அப்புறம் தானாச் சரியாயிருச்சு.”

வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டேன். கேட்டதும் கொட்டினார். அப்பாவுக்குக் கவ்வாத்துக் காலத்தில் கத்தியைப் பிடித்துப் பிடித்துக் கை வராமல் போகும். வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துத் திரும்பிவிடும். அண்ணன் லாரி ஓட்டுகிறார். முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு மலை இறங்கினால் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் நாள்கணக்கில் உணர்வில்லாமல் கிடக்கும்.

“இதையெல்லாம் கிளினிக்ல சொன்னீங்களாம்மா?”

“அவங்க கேக்கலையே.”

நான் மருத்துவன் இல்லை. அவருக்கு என்ன நோய் என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அப்பாவின் கை, அண்ணனின் சுண்டுவிரல், இவருடைய பாதம் என்று மூன்று உடம்பில் மூன்று நரம்புகள் அழுத்தத்தால் விழுந்து எழுந்திருக்கின்றன. நரம்பியல் படித்த எவரும் இந்த மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார். இந்தக் கதை அவர்கள் காதுக்குப் போய்ச் சேருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இதே கதை மருத்துவ உலகத்துக்கு முதலில் வந்ததும் ஒரு காய்கறி வயலிலிருந்துதான். 1947இல் டி யோங் என்ற நெதர்லாந்து மருத்துவர், உருளைக்கிழங்கு தோண்டுவதற்காக மண்டியிட்டு வேலை செய்த பிறகு கால் விழுந்துபோகும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். தலைமுறை தலைமுறையாக அதே கதை. குறை வேலையில் மட்டும் இல்லை, ரத்தத்திலும் இருக்கிறது என்று அவர் கண்டுகொண்டார். அதன் மரபணுக் காரணம் தெரிய 1993 வரை ஆயிற்று. 17ஆம் குரோமோசோமில் பி.எம்.பி.22 என்ற மரபணு இருக்கிறது. மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதுபோல் நரம்பிழையின் மேல் மயலின் என்ற உறை இருக்கிறதே, அந்த உறைக்கு வேண்டிய புரதம் ஒன்றை உண்டாக்குவது இந்த மரபணு. எல்லோருக்கும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள். இவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு பிரதி விடுபட்டுப் போயிருக்கும். உறை சில இடங்களில் தடித்துப் புடைத்து, அழுத்தம் தாங்காததாகிவிடுகிறது. ஆங்கில எழுத்துச் சுருக்கத்தில் மருத்துவர்கள் இதை எச்.என்.பி.பி. என்கிறார்கள்.

அதே மரபணு ஒரு பிரதி கூடுதலாகி மூன்றாக இருந்தால் வேறொரு நோய். சார்கோ–மேரி–டூத் நோயின் மிகப் பரவலான வகை அது. அந்தக் கூடுதல் பிரதியை 1991இல் கண்டுபிடித்தார்கள். இங்கே விழுந்து எழுவது இல்லை. சிறுவயதிலேயே பாதம் வில்லாக வளைந்து, விரல்கள் மடங்கி, கெண்டைக்கால் மெலிந்து, மெல்ல மெல்ல நடை மாறும். சார்கோ–மேரி–டூத் நோயின் எல்லா வகைகளும் சேர்ந்து ஏறத்தாழ 2,500 பேருக்கு ஒருவர் என்று நார்வே ஆய்வு ஒன்று 1974இல் கணக்கிட்டது. எச்.என்.பி.பி. அதைவிட அரிது என்றுதான் பதிவுகள் சொல்கின்றன. பலருக்குக் கண்டுபிடிக்கப்படாமலே போவதால் உண்மை எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கும்.

இரண்டுமே பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. “சொந்தத்துல கட்டுனதாலதான் இப்படி” என்று நம் வீடுகளில் ஒருவர்மேல் ஒருவர் பழிபோடுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். இந்த இரண்டு நோய்களில் அந்தப் பழிக்கு இடமில்லை. சொந்தம், அந்நியம் எதில் கட்டியிருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

திரிங்காப்பிலிருந்து கியா ஃபார்ம் பக்கம் ஏறினால் சுற்றுலாக்காரர்களுக்கான ஸ்ட்ராபெரித் தோட்டங்கள். 1980இல் அமெரிக்க நரம்பியல் இதழ் ஒன்றில் ‘ஸ்ட்ராபெரி பறிப்போர் வாதம்’ என்று ஒரு கட்டுரை வந்தது. நெடுநேரம் குந்தி ஸ்ட்ராபெரி பறித்தவர்களுக்குப் பாதம் தொங்கிப்போன கதை அது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனவன் அசந்து நின்றுவிட்டேன். இங்கே ஸ்ட்ராபெரி தரையில் இல்லை. இடுப்பு உயரத்துக்குச் சட்டங்கள் கட்டி, அதன்மேல் பைகளில் வளர்க்கிறார்கள். பறிப்பவர் நின்றபடி பறிக்கிறார். கோலாலம்பூரிலிருந்து வரும் குடும்பங்கள் குனியாமல் பறித்து மகிழவும் அது வசதியாக இருக்கிறது. சாலைக்கு இந்தப் பக்கம் விருந்தாளியின் முழங்காலுக்குக் கிடைத்திருக்கும் மரியாதை, அந்தப் பக்கம் கோஸ் அறுக்கும் முழங்காலுக்குக் கிடைக்கவில்லை. கோஸைச் சட்டத்தில் வளர்க்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு சாண் உயர முக்காலி ஒன்றைக் கொடுக்கலாம். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லலாம். கீரையை நின்றபடி கட்டு கட்ட ஒரு மேசை போடலாம். ஒரு முக்காலிக்குப் பெரிய பணம் ஆகாது.

சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவில் கதை வேறு. இரண்டு விரலால் கொழுந்து கிள்ளும் காட்சி பெரும்பாலும் போய்விட்டது. செங்குத்தான இடங்களில் பை பொருத்திய கத்தரி, மற்ற இடங்களில் இரண்டு பேர் இரு முனையும் பிடித்து நடக்கும் வெட்டு இயந்திரம். கத்தரி நாள் முழுக்கத் திறந்து மூடுவதில் மணிக்கட்டு நரம்பு சிக்குகிறது. முதுகில் கொழுந்துக் கூடையின் வார் தோளை அழுத்துகிறது. பாரமான முதுகுப்பை சுமக்கும் ராணுவ வீரர்களுக்குத் தோள் நரம்புக் கூட்டம் நசுங்கிக் கை தளர்வதை மருத்துவம் வெகுநாளாக அறியும். அப்படிக் கை தளர்ந்தவர்களில் சிலருக்குப் பின்னணியில் எச்.என்.பி.பி. இருந்ததும் தெரியவந்திருக்கிறது. ஆகையால் வாரைப் பற்றிக் கேட்பதும் குடும்பத்தைப் பற்றிக் கேட்பதும் ஒரே கேள்வியின் இரண்டு பாதிகள்.

இந்த மலையில் இன்னொரு பரம்பரை நரம்பு நோயையும் நினைக்க வேண்டியிருக்கிறது. திரிங்காப் சீனர் மிகுந்த ஊர். கல்லீரலில் உண்டாகும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் பரம்பரைப் பிழையால் குலைந்து, இழை இழையாக நரம்பிலும் இதயத்திலும் படியும் நோய் ஒன்று உண்டு. போர்ச்சுகல் மீனவர் ஊர்களில் பார்த்து 1952இல் கொரினோ டி ஆந்த்ராடே என்பவர் விவரித்தது. மலேசியாவில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மைய நரம்பியலாளர்கள் இதைத் தேடியபோது, மலேசியச் சீனர்களிடம் ஏ97எஸ் என்ற ஒரு குறிப்பிட்ட பிழையே மிகுதியாகக் காணப்பட்டது. தைவானிலும் பரவலாக இருப்பது அதே பிழை. பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதுக்குமேல்தான் தலைகாட்டும். பாதத்தில் எரிச்சல், இரண்டு கையிலும் மணிக்கட்டு நரம்புச் சிக்கல், எழுந்து நின்றால் தலைசுற்றல், காரணமில்லாத வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறி மாறி, உடம்பு இளைப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனி மருத்துவரிடம் காட்டி ஆண்டுகள் ஓடிவிடும்.

எச்.என்.பி.பி.க்கு மருந்து கிடையாது, தவிர்ப்பதுதான் வழி. இதற்கோ மருந்து வந்துவிட்டது. 1990இல் சுவீடனில் கல்லீரல் மாற்று அறுவை தொடங்கியது. 2011இல் ஐரோப்பா டஃபாமிடிஸ் மாத்திரைக்கு ஒப்புதல் தந்தது. 2018இல் கல்லீரலில் அந்தப் புரதம் உருவாவதையே அடக்கும் பட்டிசிரான் ஊசி வந்தது. விலை சாமானியர் எட்டும் உயரத்தில் இல்லை. இந்த மருந்துகள் எல்லாம் நோயை நிறுத்தும் அல்லது மெதுவாக்கும். செத்த நரம்பிழையைப் பெரிய அளவில் மீட்டுத் தராது. முன்கூட்டிக் கண்டுபிடிப்பதில் எவ்வளவு லாபம் என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. பிழையைச் சுமப்பவர் என்று தெரிந்தவரை, அவர் குடும்பத்தில் நோய் தொடங்கிய வயதுக்குப் பத்தாண்டுக்கு முன்பிருந்தே ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்பது இத்துறை வல்லுநர்களின் பரிந்துரை.

எதை வைத்துச் சோதிப்பது? இங்கேதான் சின்ன கிளினிக்குகளின் பங்கு வருகிறது. மலேசிய அரசு சுகாதார கிளினிக்குகளில் இனிப்பு நீர் உள்ளவர்களின் பாதத்தைப் பார்க்க நைலான் இழையும் இசைக்கவையும் வைத்திருக்கிறார்கள். இழை பாதத்தில் பட்டு வளையும்போது 10 கிராம் அழுத்தம் தரும். கவை 128 ஹெர்ட்ஸில் அதிரும். தொடுவதும் அதிர்வதும் தெரிகிறதா என்று சொன்னால் போதும். இரண்டுமே தடித்த நரம்பிழைகளைத்தான் சோதிக்கும். டிரான்ஸ்தைரெட்டின் நோயில் முதலில் சாவது பலருக்கு மெல்லிய இழைகள். சூடு, குளிர், வலி, வியர்வை ஆகியவற்றைச் சுமப்பவை அவை. அவற்றைப் பார்க்கக் குளிர்ந்த உலோகத்தையும் வெந்நீர்க் குழாயையும் மாறி மாறித் தொடவைத்துக் கேட்டாலே ஒரு தொடக்கம் கிடைக்கும். நுணுக்கமாக வேண்டுமென்றால் கணுக்காலுக்கு மேலே 3 மில்லிமீட்டர் தோல் துண்டு எடுத்து, அதிலுள்ள நரம்பு நுனிகளை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். நரம்பு சிதையும்போது ரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் புரதத்தை அளக்கும் சோதனையும் வளர்ந்துவருகிறது.

எச்.என்.பி.பி.யில் முறை மாறும். கை, காலில் சிறு மின்துடிப்பு கொடுத்து, நரம்பில் அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனைதான் அங்கே முக்கியம். மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் ஓரம் என்று வழக்கமாக நெரியும் இடங்களில் எல்லாம் வேகம் குறைந்திருக்கும். ஒருநாளும் கை கால் விழாத உறவினர்களிடம்கூட இந்தத் தாமதம் தெரிந்துவிடும். அதன்பின் ஒரு ரத்தச் சோதனை மரபணுவை உறுதிசெய்யும். மலையில் இருப்பவர்கள் இதற்குத் தானா ராத்தாவின் சிறு மருத்துவமனையைத் தாண்டி ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ இறங்க வேண்டியிருக்கும். ஒருநாள் கூலி போகும். வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கட்டணமும் கூடுதல். அதனால்தான் யாரை இறக்கி அனுப்புவது என்று மேலேயே சரியாகப் பிரித்துப் பார்க்கும் கேள்வி அவசியமாகிறது.

அந்தக் கேள்வியை மறைப்பது பெரும்பாலும் இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இந்தியர்களில் 31.4 விழுக்காடு. ஆகவே கால் எரிச்சல் என்று ஒரு தமிழர் வந்தால் விரல் நுனியில் ரத்தம் எடுப்பது சரியான முதல் வேலைதான். சர்க்கரை இல்லை என்று வந்த பிறகு கோப்பை மூடிவிடுவதும், இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடுவதும்தான் தவறு. இனிப்பு நீர் உள்ளவருக்குப் பரம்பரை நரம்பு நோய் இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. காய்கறித் தோட்டத்துப் பூச்சிமருந்தையும் கேட்டாக வேண்டும். சில ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் கடும் நச்சுப் பாதிப்புக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துக் கால் நரம்பைத் தளரச் செய்யும்.

இன்னொன்று பயம். உணர்வில்லாத தோல் என்றால் நம் பெரியவர்களுக்குப் பெருவியாதி நினைவு வந்துவிடும். 1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறந்த நாட்டில், தோட்டத்திலிருந்து அங்கே அனுப்பப்பட்டவர் திரும்பாத கதைகளைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. ஹான்சன் 1873இல் கிருமியைக் காணும்வரை மருத்துவர்களே அதைப் பரம்பரை நோய் என்றுதான் நினைத்திருந்தார்கள். தொழுநோய் பரம்பரை நோய் இல்லை, மருந்தால் முழுக்கக் குணமாகும். நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து மரமரப்பு என்று சொல்பவரிடம் அதையும் தேடத்தான் வேண்டும். ஆனால் பழைய பயம் இன்னும் வாயை அடைக்கிறது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் “அப்பாவுக்குக் கை மரத்துப்போகும்” என்று யாரும் சொல்வதில்லை.

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். லயத்து முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து பிறந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை வெல்வதில் அதற்குப் பெரும் பங்கு. சார்கோ–மேரி–டூத் நோய் மறைந்திருக்கும் பிள்ளைக்கு அதைக் கொடுத்தால், சில வாரங்களில் கை கால் முழுக்கத் தளர்ந்துவிடக்கூடும். தாத்தாவின் வளைந்த பாதத்தைப் பற்றி யாராவது முன்பே சொல்லியிருந்தால், மருந்தை மாற்றியோ கூடுதல் கண்காணிப்போடோ சிகிச்சை தரலாம். எச்.என்.பி.பி. இருப்பது தெரிந்தால் அறுவை மேசையில் மயக்கத்தில் கிடக்கும்போது முழங்கைக்கும் முழங்காலுக்கும் அடியில் மெத்தை வைப்பார்கள். மாவுக்கட்டை இறுக்க மாட்டார்கள். இந்தத் தகவலுக்காகச் செலவழிக்க வேண்டியது வீட்டுப் பெரியவர்களிடம் அரைமணிநேரப் பேச்சு மட்டுமே.

மரபணுச் சோதனை செய்துகொள்வதும் செய்யாமல் விடுவதும் அவரவர் உரிமை. பெரிய வயதில் வரும் நோய்க்குச் சிறு பிள்ளைகளைச் சோதிக்கக்கூடாது என்பதும், சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை வேண்டும் என்பதும் மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட நெறிகள். நான் கேட்பது அதற்கு வெகு முந்தைய படி.

திரிங்காப் அம்மாவுக்கு ஒரு தாளில் மலாயில் எழுதிக் கொடுத்தேன். அப்பாவுக்கு எந்தக் கை, என்ன வயதில். அண்ணனுக்கு எந்த விரல். அவருக்கு எந்தப் பாதம், எத்தனை வாரம் என்ற விவரங்கள் மட்டும். நோயின் பெயரை எழுதவில்லை. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது மருத்துவர் கேட்காவிட்டாலும் இதை நீட்டுங்கள் என்றேன். தாளை மடித்து, அடையாள அட்டை இருக்கும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இதைப் படிப்பவர்களும் அப்படி ஒரு தாளை எழுதிவையுங்கள். வீட்டில் யாருக்கு எந்த வயதில் கால் விழுந்தது, யாருடைய பாதம் வளைந்தது, யாருக்குச் சுடுநீரின் சூடு தெரியாமல் போனது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். குதிகாலை ஊன்றிப் பத்தடி நடந்து பாருங்கள். பாதத்தின் முன்பகுதி தூக்க வராமல் தரையைத் தட்டினால், செருப்பின் முனை மட்டும் சீக்கிரம் தேய்ந்தால், மருத்துவரிடம் அந்தத் தாளோடு போங்கள். கிளினிக்கில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சர்க்கரை அளவைக் குறித்த அதே அட்டையில், “குடும்பத்தில் யாருக்காவது?” என்ற ஒரு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.